வி-கிராஸுக்கு ஷாக் முதலா, ஸ்டெபிலைசர் பார் முதலா?

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2018 இசுஸு வி-கிராஸ் பிக்கப், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஷாக் அப்சார்பர் நாலும் இன்னும் கம்பெனியில் போட்டுத் தந்ததே. பின்தொட்டிக்கு மேல் கேனோப்பி, அதாவது கூண்டு மாதிரி மூடி. சென்னை காசிமேட்டில் படகு எஞ்சின் வேலை, அதனால் டூல் பெட்டி, கியர்பாக்ஸ், புரொப்பல்லர் என்று தினமும் முந்நூறு கிலோ ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் வீட்டு ஆட்களோடு பழவேற்காடு. வளைவில் வண்டி சாய்கிறது, வேகத்தடையைத் தாண்டினால் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடி அப்புறம்தான் அடங்குகிறது. அமெரிக்கக்காரர்களின் வீடியோவில் பின்னால் தடியான ஸ்டெபிலைசர் பார் போட்டதும் வண்டியே மாறிவிட்டது என்கிறார்கள், நானும் அதையே முதலில் போடட்டுமா, கூடவே இரண்டு இன்ச் தூக்கட்டுமா என்று கேட்கிறீர்கள்.

பார் இப்போது வேண்டாம். தூக்கவே வேண்டாம். பின் பிளேட்டையும் (லீஃப் ஸ்பிரிங் பட்டை) புஷ்ஷையும் (மூட்டுகளில் இருக்கிற ரப்பர்) டயரையும் பார்த்துவிட்டு நாலு ஷாக்கையும் மாற்றுங்கள், மூன்று மாதம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் சாய்வு உறுத்தினால் முன்பக்கப் பாரைப் பற்றிப் பேசலாம், பின்பக்கப் பார் கடைசி. இவ்வளவுதான் பதில். ஆனால் காரணம் தெரியாமல் இதைச் செய்தால் நாளைக்குக் கடையில் எவராவது வேறு ஒன்றைச் சொல்லி உங்கள் மனதை மாற்றிவிடுவார், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் மணலி பக்கம் சஸ்பென்ஷன் வேலை மட்டுமே பார்க்கிறேன், அப்பா லாரிக்கு பிளேட் கட்டியவர், அவருடைய பட்டறைதான் இது. பணத்தைக் கொட்டி வண்டியை முன்பைவிட மோசமாக்கிக்கொண்டு வந்து நின்றவர்கள் நிறைய பேர், அதைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பாது.

முதலில் யார் யாருக்கு என்ன வேலை என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். உங்கள் வண்டியில் முன்னால் காயில், அதாவது சுருள், பின்னால் லீஃப், அதாவது அடுக்கடுக்கான பட்டை, நாம் பிளேட் என்பது அதைத்தான். ஷாக் எடையைத் தாங்காது, அந்த ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. உள்ளே எண்ணெய், அதில் சின்னச் சின்ன ஓட்டையும் வால்வும் உள்ள ஒரு பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்த ஓட்டை வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும், அந்தச் சிரமத்தில் ஆட்டம் சூடாக மாறிக் காற்றில் போய்விடுகிறது. ஸ்டெபிலைசர் பார் வேறு சாதி. அது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற ஒரு முறுக்குக் கம்பி, அவ்வளவுதான். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அது புஷ்ஷுக்குள் சும்மா உருளும், எந்த வேலையும் செய்யாது. ஒன்று ஏறி மற்றது இறங்கினால்தான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும்.

இதை உங்கள் புகாரோடு பொருத்திப் பாருங்கள். வேகத்தடையில் பின் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. அங்கே எவ்வளவு தடியான பார் போட்டாலும் அந்த இரண்டு மூன்று ஆட்டம் அப்படியே இருக்கும். அது முழுக்க ஷாக் செத்துப்போனதன் அடையாளம். வளைவில் சாய்வது வேறு விஷயம். ஒரு நீண்ட வளைவில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் கடைசியில் வண்டி எந்த அளவு சாய்ந்து நிற்கும் என்பதை ஸ்பிரிங்கும் பாரும்தான் தீர்மானிக்கின்றன, ஷாக்குக்கு அதில் பங்கு கிடையாது. ஆனால் அந்தச் சாய்வுக்கு வண்டி எவ்வளவு வேகமாகப் போய் விழுகிறது, விழுந்தபின் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறதா, லேன் மாற்றும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடுகிறதா என்பதெல்லாம் ஷாக்கின் கையில். எண்ணூர் விரைவுச் சாலையில் ஓரமாக நிறுத்தி வைத்த கன்டெய்னர் டிரெய்லரைச் சட்டென்று ஒதுக்கி மறுபடி உள்ளே வருகிறீர்களே, அப்போது வயிற்றைக் கலக்குவது சாய்வின் அளவு அல்ல, அதன் வேகம். பத்தில் எட்டுப் பேர் 'வண்டி சாய்கிறது' என்று சொல்லிக்கொண்டு வருவது இதைத்தான். நல்ல ஷாக் போட்டதும் அவர்கள் பாரைப் பற்றி மறந்தே போகிறார்கள்.

அப்புறம் நம் ரோட்டு விஷயம். துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற டிரெய்லர்கள் மிதித்து மிதித்து, மணலி, எண்ணூர் பக்கம் ரோட்டின் இடது ஓரம் எப்போதும் வாய்க்கால் மாதிரி இறங்கியிருக்கும், நடுப்பக்கம் ஓரளவு சமமாக இருக்கும். அதாவது உங்கள் இடது சக்கரம் பள்ளத்தில், வலது சக்கரம் மேட்டில். பார் தடியாக இருந்தால் என்ன ஆகும்? இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வலது பக்கத்தையும் சேர்த்து இழுக்கும், ஏறும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்துத் தள்ளும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் தலை இடதும் வலதுமாக ஆடும். கழுத்து வலிக்கும். இரண்டு சக்கரமும் தனித்தனியாகத் தன் பாட்டுக்கு ஏறி இறங்குவதற்காகத்தான் முன்னால் இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன் வைத்திருக்கிறார்கள், தடியான பார் போடுகிற ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதில் கொஞ்சத்தை நாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அமெரிக்க ஹைவேயில் இது தெரியாது. திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி சாலையில் முதல் கிலோமீட்டரிலேயே தெரியும்.

அந்த வீடியோக்காரர்கள் பொய் சொல்வதாக நினைக்காதீர்கள். அங்கே பிக்கப் டிரக்கின் பின்தொட்டி மேல் கேம்பர் என்று ஒரு சின்ன வீட்டையே தூக்கி வைக்கிறார்கள், நூற்றுக்கணக்கான கிலோ, அதுவும் ஆள் உயரத்துக்கு மேல். கலிபோர்னியாவில் ஹெல்விக் மாதிரி கம்பெனிகள் அந்த வண்டிகளுக்காகவே பின் பார் செய்து விற்கின்றன. எடை எப்போதும் மேலேயே இருக்கிறது, வண்டி காலியாக ஓடுவதே இல்லை, அப்படிப்பட்ட வண்டிக்குப் பின் பார் போடுவது சரியான வைத்தியம். உங்கள் வண்டியில் எடை பெரும்பாலும் தொட்டியின் தரையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அதுவும் இறங்கிவிடுகிறது. நோய் வேறு, மருந்து வேறு.

பின் பார் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் என் சொந்த பிக்கப்புக்கு வேறொரு வண்டியின் பாரை எடுத்து, பிராக்கெட் அடித்து, பின்னால் மாட்டினேன். அரை டன் இரும்பை ஏற்றிக்கொண்டு சாத்தாங்காட்டிலிருந்து மீஞ்சூர் போனேன், கார் மாதிரி நின்றது, பெரிய வேலை செய்துவிட்டதாகவே நினைத்தேன். அடுத்த ஐப்பசி மழையில் காலி வண்டியோடு எர்ணாவூர் மேம்பாலம் இறங்கித் திரும்பும்போது பின்பக்கம் சத்தமில்லாமல் வெளியே போயிற்று. பிரேக் போடவில்லை, வேகமும் முப்பத்தைந்துக்கு மேல் இல்லை. எதிரில் வண்டி இல்லாததால் பிழைத்தேன். அன்று என் தம்பி மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவன் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. மறுநாளே அந்தப் பாரைக் கழற்றினேன்.

ஏன் அப்படி ஆயிற்று என்றால், வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மொத்தமாக எவ்வளவு எடை மாறும் என்பதை வண்டியின் எடை, அதன் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவின் வேகம் இவைதான் தீர்மானிக்கும். பார் அந்த மொத்தத்தைக் குறைக்காது. அந்த மொத்தத்தில் முன்பக்கம் எவ்வளவு சுமக்க வேண்டும், பின்பக்கம் எவ்வளவு சுமக்க வேண்டும் என்ற பங்கைத்தான் மாற்றும். பின்னால் பார் போட்டால் பின்பக்கத்தின் பங்கு கூடும், உள்பக்கப் பின் டயர் கிட்டத்தட்ட மிதக்கும், வெளிப்பக்கப் பின் டயர் தனியாக எல்லாவற்றையும் இழுக்க வேண்டும். காலி பிக்கப்பில் பின்பக்கம் ஏற்கெனவே லேசு, என்ஜின் தள்ளுவதும் அந்தச் சக்கரங்களைத்தான். மழைத் தண்ணீரில் ரோடு வழுக்கும்போது அது விட்டுவிடும். முன் பார் தடியானால் இதற்கு நேர் எதிர், முன்பக்கம் கொஞ்சம் நேராக ஓடப் பார்க்கும், ஸ்டீயரிங் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கும். சாதாரண டிரைவருக்கு அது எவ்வளவோ பாதுகாப்பு, ஏனென்றால் வேகத்தைக் குறைத்தால் தானாகச் சரியாகிவிடும். பிக்கப் செய்கிறவர்கள் பெரும்பாலும் முன்னால் மட்டும் பார் வைத்து பின்னால் விட்டுவிடுவதற்கு முக்கியமான காரணம் இதுதான். காசு மிச்சம் பிடிக்க மட்டும் அப்படிச் செய்வதில்லை.

பார் வாங்குகிற நாள் வந்தால் ஒரு கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள். முறுக்குக் கம்பியின் பலம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்காகக் கூடும். 25 மி.மீ. பாருக்குப் பதில் 28 மி.மீ. போட்டால், மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் பலம் 57 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்குக் கொஞ்சம்தான் தடி தெரியும், வண்டிக்கு ஒன்றரை மடங்கு. அதனால்தான் கடைக்காரர் 'இதைவிடத் தடி இருக்கு சார்' என்றால் மயங்கக் கூடாது. தடி கூடக் கூட அதைப் பிடித்திருக்கிற பிராக்கெட்டுக்கும், பாரின் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கிற லிங்க்குக்கும் அதே அளவு இழுவை கூடுகிறது. உப்புக்காற்றில் அரித்துப்போன சேசிஸில் பிராக்கெட் வெல்டு பிய்ந்து, பார் ஒரு பக்கம் தொங்கி வந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, ஷாக் செத்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூலையைப் பிடித்து அமுக்கிப் பார்க்கிற பழக்கம் காருக்குச் சரி, பிக்கப்பின் பின்பக்கத்துக்கு உதவாது. லீஃப் பிளேட்டுகள் ஒன்றோடு ஒன்று உரசுவதாலேயே ஆட்டம் நின்றுவிடும், ஷாக் நன்றாக இருப்பது போல ஏமாற்றும். நான் செய்வது இது: வழக்கமான லோடோடு வண்டியைப் பதினைந்து இருபது கிலோமீட்டர் மோசமான ரோட்டில் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன். வந்ததும் இறங்கி, நாலு ஷாக்கின் உடம்பையும் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்ப்பேன். வேலை செய்த ஷாக் நன்றாகச் சூடாக இருக்கும், ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதானே அதன் பிழைப்பு. ஒன்று மட்டும் பக்கத்தில் உள்ள இரும்பு மாதிரியே சாதாரணமாக இருந்தால் அது சும்மா தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். சைலன்சர் பக்கத்தில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயரையும் தடவிப் பாருங்கள். உள்ளங்கையை ட்ரெட் மேல் வைத்து வட்டமாக ஓட்டினால் ஏற்ற இறக்கமாக, பள்ளம் பள்ளமாகக் கைக்குத் தெரிந்தால் சக்கரம் ரோட்டை விட்டுக் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. ஷாக்கின் உடம்பில் லேசாக எண்ணெய்ப் பூச்சு தெரிந்தால் பயப்பட வேண்டாம், சொட்டுச் சொட்டாக வழிந்து மண் அப்பியிருந்தால் அது முடிந்தது. ராடு, அதாவது பளபளவென்று குரோம் பூசிய தண்டு, அதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோரத்தில் ஓடுகிற வண்டிக்கு முதலில் போவது அதுதான். குரோமில் ஊசிமுனை அளவுக்குத் துரு பிடித்தாலும் போதும், அது ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் ஆயில் சீலை அரம் மாதிரி ராவிவிடும். காசிமேட்டில் உங்கள் வண்டிக்கு உப்புக்காற்று மட்டும் இல்லை, மீன் பெட்டியிலிருந்து வழிகிற ஐஸ் தண்ணீரில் நிற்பதும் சேர்ந்துகொள்கிறது. வாரம் ஒருமுறை அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். இந்த ஒரு பழக்கம் எந்தக் கம்பெனி ஷாக்கையும்விட உங்களுக்கு அதிகமாகக் காசு மிச்சம் பிடித்துத் தரும்.

ஷாக் வாங்குவதற்கு முன்னால் மற்றதைப் பார்த்துவிட வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. பின் பிளேட்டில் ஏதாவது வெடிப்பு இருக்கிறதா, முக்கியமாக சென்டர் போல்ட்டை ஒட்டியும் நுனிப் பக்கத்திலும். பிளேட்டை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா. பிளேட்டின் நுனியைச் சேசிஸோடு சேர்க்கிற ஷேக்கிளின் புஷ் தின்றுபோய் இரும்போடு இரும்பு ஆடுகிறதா. சமமான தரையில் காலி வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறிப்பிடும்படி இறங்கியிருந்தால் அந்தப் பக்கப் பிளேட் தளர்ந்துவிட்டது, அதற்கு ஷாக் மாற்றிப் பிரயோசனம் இல்லை. முன்னால் ஸ்டெபிலைசர் லிங்க், பாரைச் சேசிஸில் பிடிக்கிற டி-புஷ், சக்கரத்தைப் பிடித்திருக்கிற கையான கன்ட்ரோல் ஆர்மின் புஷ், இவற்றையும் பாருங்கள். இந்த லிங்க் ஒன்று ஆடினாலே இருக்கிற பார் பாதி வேலைதான் செய்யும், ஆட்கள் அது தெரியாமல் தடியான பார் தேடி அலைகிறார்கள். எத்தனையோ வண்டிக்குப் புது லிங்க் இரண்டும் டி-புஷ் இரண்டும் போட்டு அனுப்பியே சாய்வு குறைந்திருக்கிறது.

இன்னொன்று, 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்தது நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் உங்கள் வண்டி நின்றிருந்தால் ரப்பர் புஷ் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைக் குடித்து உப்பி, களிமண் மாதிரி மெத்தென்று ஆகிவிடும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் மாற்றிவிடுங்கள். இதே காரணத்துக்காகத்தான் ரப்பர் புஷ் கிறீச்சிடுகிறது என்று சாதாரண கிரீஸ் தடவக் கூடாது என்று சொல்வது, சிலிகான் கிரீஸ்தான் தடவ வேண்டும்.

இப்போது எந்த ஷாக். ட்வின் ட்யூப், மோனோட்யூப் என்று இரண்டு வகை. ட்வின் ட்யூப்பில் குழாய்க்குள் குழாய், உள்குழாயில் பிஸ்டன் ஓடும், வெளிக்குழாய் எண்ணெய்க்கு இடம். கம்பெனியில் வருவது பெரும்பாலும் இதுதான். ஓல்டு மேன் ஈமு கம்பெனியின் நைட்ரோசார்ஜர் ஷாக் இந்த வகை, நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிற கேப்ரியலிலும் இந்த வகை நிறைய. மோனோட்யூப்பில் ஒரே குழாய், கீழே அதிக அழுத்தத்தில் நைட்ரஜன், எண்ணெயையும் வாயுவையும் பிரிக்க ஒரு மிதக்கும் பிஸ்டன். பில்ஸ்டைன் 1957-லேயே மெர்சிடிஸ் கார்களுக்கு இதைக் கொண்டுவந்தது, வீடியோவில் நீங்கள் பார்த்த மஞ்சள் ஷாக் அந்தக் குடும்பம்தான். எண்ணெய் நேராக வெளிச்சுவரைத் தொடுவதால் சூடு சீக்கிரம் ஆறும், அழுத்தம் இருப்பதால் எண்ணெய் நுரைக்காது. நுரைத்த எண்ணெய்க்கு எதிர்ப்பே இருக்காது, பிஸ்டன் காற்றில் கை வீசுவது போலப் போய் வரும். மணிக்கணக்கில் கரடுமுரடான பாதையில் வேகமாக ஓட்டுகிறவருக்கு மோனோட்யூப் உயிர்.

ஆனால் உங்களுக்கு நான் ட்வின் ட்யூப் கேஸ் ஷாக்கைத்தான், அதாவது எண்ணெயோடு குறைந்த அழுத்தத்தில் வாயுவும் உள்ளதைத்தான் சொல்வேன், நல்ல தரத்தில். மோனோட்யூப்பின் வெளிச்சுவர்தான் பிஸ்டன் ஓடுகிற சுவர், ஒரு கல் அடித்து நெளிந்தால் அதோடு முடிந்தது. ட்வின் ட்யூப்பில் வெளியே நெளிந்தாலும் உள்ளே ஓடும். கன்டெய்னர் லாரி பின்னால் போகிறவனுக்கு ஜல்லி அடி புதிதா? இன்னொன்று, மோனோட்யூப் சின்னச் சின்ன அதிர்வில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அதோடு ஒரு நல்ல மோனோட்யூப் செட்டுக்குக் கொடுக்கிற காசில் கிட்டத்தட்ட ஒரு செட் டயரே போட்டுவிடலாம், உங்கள் ஓட்டத்துக்கு அந்த வித்தியாசம் திரும்பி வராது.

வாங்கும்போது கம்பெனிப் பெயரைவிட முக்கியம் நீங்கள் வாரத்தில் ஆறு நாள் சுமக்கிற எடை. அதைச் சொல்லிக் கேளுங்கள். ஒரேயடியாக விறைப்பான ஷாக் நல்லது என்று நினைக்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. ஷாக் அமுங்கும்போது ஒரு எதிர்ப்பு, நீளும்போது ஒரு எதிர்ப்பு, இரண்டுக்கும் தனி வால்வு. அமுங்கிய ஸ்பிரிங் வேகமாகத் துள்ளி எழுவதைத் தடுக்க, நீளும்போது எதிர்ப்பு கூடுதலாக வைப்பார்கள். அது அளவுக்கு மேல் போனால் தொடர்ச்சியான பள்ளங்களில் சக்கரம் முழுக்கக் கீழே இறங்கி வருவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்துகொண்டே போய்க் கடைசியில் பம்ப் ஸ்டாப்பில், அதாவது சஸ்பென்ஷன் அமுங்குவதற்கு எல்லையாக வைத்த ரப்பர் கட்டையில், டங்கென்று இடிக்கும். ஓட்டுகிறவர் ஸ்பிரிங் போதவில்லை என்று நினைத்து இன்னொரு பிளேட் சேர்ப்பார். அதுவும் தப்பு, முதல் தப்பின் மேல் இரண்டாவது.

புது ஷாக் முழுக்க நீண்டால் எவ்வளவு, முழுக்க அமுங்கினால் எவ்வளவு என்ற இரண்டு அளவையும் பழையதோடு வைத்துப் பாருங்கள். பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்னால் ஷாக் உள்ளே முட்டக் கூடாது, முட்டினால் ஒரு பெரிய பள்ளத்தில் ராடு வளையும் அல்லது மவுன்ட் கிழியும்.

மாட்டுவதைப் பற்றிக் கொஞ்சம். பின் ஷாக் இரண்டும் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம், முந்தின நாள் ராத்திரியே போல்ட்டுகளில் துரு இளக்கி அடித்து வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேசிஸுக்கு ஸ்டாண்டு வைத்து, ஆக்சிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி கொடுத்துவிட்டுத்தான் ஷாக்கைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சில் சட்டென்று இறங்கி பிரேக் ஹோஸை இழுத்துவிடும். ட்வின் ட்யூப் ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே மாட்டாதீர்கள். கடையில் படுக்க வைத்திருந்ததில் உள்குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். நிமிர்த்தி வைத்து, முழுக்க நீட்டி, மெதுவாக அழுத்தி, மறுபடி நீட்டி, இப்படி ஐந்தாறு முறை. முதல் இரண்டு அழுத்தத்தில் நடுவில் எங்கோ கை வெறுமையில் விழுவது போல இருக்கும், அப்புறம் ஒரே சீராகக் கனக்கும். அந்தக் கனம் வந்ததும் மாட்டுங்கள்.

முன்பக்கம் நீங்களாகத் தொடவே கூடாது, இதை அண்ணன் சொன்ன பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். முன் ஷாக்கின் மேலேயே காயில் ஸ்பிரிங் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. சரியான கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் அந்த ஸ்பிரிங் ஆள் மேல் பாயும், கை, தாடை, உயிர் எது வேண்டுமானாலும் போகும். கயிறு கட்டிக் கழற்றுகிறேன், கம்பி கட்டிக் கழற்றுகிறேன் என்கிற பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

புஷ் உள்ள எந்தப் போல்ட்டையும், ஷாக்கின் கீழ்க் கண்ணாக இருந்தாலும் ஷேக்கிளாக இருந்தாலும், கடைசி முறுக்கு முறுக்குவது வண்டி நாலு சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும், வண்டியை இறக்கியதும் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து ஆறு மாதத்தில் கிழிந்துவிடும். ஸ்டெபிலைசர் லிங்க் கழற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்துக் கழற்றி, இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும்போது மாட்டுங்கள். முன்பக்க வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட். யூ போல்ட்டைத் தொட்டிருந்தால் ஆயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

உயர்த்துவது பற்றிக் கேட்டீர்கள். இரண்டு இன்ச் தூக்கினால் வண்டியின் எடையே இரண்டு இன்ச் மேலே போகிறது, சாய்வும் கூடுகிறது, அதாவது நீங்கள் எதைக் குறைக்க வந்தீர்களோ அதையே காசு கொடுத்துக் கூட்டிக்கொள்கிறீர்கள். டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டுகளின் கோணமும் கெடும். சட்டப்படியும் சிக்கல்தான். ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. தேய்ந்த ஷாக்குக்குப் பதில் அதே அளவில் இன்னொரு ஷாக் போடுவது பராமரிப்பு, அதில் ஒன்றும் இல்லை. வண்டியின் உயரத்தையே மாற்றிவிட்டு நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கிற கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

காசு செலவே இல்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் கேனோப்பிக்கு மேல் ரேக் கட்டி, அதில் புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டும் ஏணியும் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அதை இன்றைக்கே கீழே இறக்குங்கள். கியர்பாக்ஸ் மாதிரிக் கனமானதைப் பின்கதவுப் பக்கம் வைக்காமல் கேபினை ஒட்டி, பின் ஆக்சிலுக்கு முன்னால், தரையில் வைத்துக் கட்டுங்கள். டயர்க் காற்று டிரைவர் கதவு ஸ்டிக்கரில் லோடுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதன்படி. இந்த மூன்றையும் செய்துவிட்டு அதே எண்ணூர் விரைவுச் சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், ஷாக் வாங்குவதற்கு முன்பே பாதி சாய்வு போயிருக்கும்.

பழைய ஷாக்கைக் கழற்றினால் இரும்புக்கடையில் போட்டுவிடாதீர்கள். நாலையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எந்த மூலை என்று எழுதி, கையால் அழுத்தி நீட்டிப் பாருங்கள். உங்கள் ஓட்டத்தை வைத்துச் சொல்கிறேன், பின் இடதுதான் முதலில் செத்திருக்கும்.